பல்சக்கரத்துக்கு வந்த கிராணி

இது சத்தியமா நடந்தது. ஒரு சொல்லு கூட்டிச் சொல்லல. சரி, கூட்டியிருக்கு. ஆனா தேத்தண்ணியில பால் ஊத்துற அளவுக்குத்தான். பால்ல தேத்தண்ணி ஊத்துற அளவுக்கு இல்ல.

காளியண்ணன் அன்னைக்கும் கண்ண மூடிக்கிட்டுத்தான் நின்னாரு. நீட்டு ஸ்க்ரூடிரைவரோட முனை தேயிலை உருட்டுற மெஷின் மேல, பிடி அவரு காதுல. டாக்டர் கூட ரெண்டு நிமிஷத்துல கொழாய எடுத்துருவாரு. இவரு கேக்க ஆரம்பிச்சா, பறிச்சுப் போட்ட கொழுந்து மறுபடியும் துளுத்துரும். "பெரியம்மாவுக்கு இடுப்புல ஒரு பேரிங் வலிக்குது"ன்னு சொல்லுவாரு. கழட்டிப் பாத்தா, வலிக்கும்.

ரிங்லெட் பக்கத்துல எஸ்டேட் பேக்டரி பிட்டர் அவரு. அம்பத்திரெண்டு வயசு. உச்சி வெயில்லயும் குரங்குக் குல்லா. ஆறாம் வகுப்ப இவரு முடிச்சாரா, ஆறாம் வகுப்பு இவர முடிச்சிச்சான்னு இன்னும் தீர்ப்பு வரல. மெஷினுக்கெல்லாம் பேரு வெச்சு மரியாதையா கூப்புடுவாரு. உருட்டுற மெஷின் பெரியம்மா. இலை காய வெக்கிற அடுப்பு மெஷின் துரை. துரை நெத்தியில ஒரு செகப்பு லைட்டு. அது எரிஞ்சா துரை நல்லா சூடா இருக்காரு, வேலை ஓடுதுன்னு அர்த்தம். முப்பது வருஷமா அந்தச் செகப்பப் பாத்தாதான் காளியண்ணனுக்குச் சோறு எறங்கும்.

அவரு பொஞ்சாதி வசுமதி கியா பார்ம்ங்கிற ஊர்ல ஒரு சீன மொதலாளி, தவுக்கேகிட்ட சாமந்திப்பூ கட்டுது. வாரம் ஆறு நாளு பூ; ஏழாவது நாளு ரோட் பைக். டயரப் பாத்தீங்கன்னா நூடுல்ஸ் மாதிரி இருக்கும். அதுல ஏறி மேட்டுல போச்சுன்னா, காய்கறி லோரிக்காரன் ஹாரன் அடிச்சு வழி கேப்பான். காளியண்ணனுக்குச் சைக்கிள்ல ஏறுனாலே தலை சுத்தும். அதனால ஞாயித்துக்கெழம விடிஞ்சதும் லயத்து வீட்டு வாசல்ல குல்லாவோட நின்னு பொஞ்சாதி போறதப் பாப்பாரு. பனின்னா அப்பேர்ப்பட்ட பனி, சட்டைய மாட்டி வெக்கலாம். அதுக்குள்ள மொதல்ல பைக் கரையும், அப்புறம் சட்டை கரையும், கடைசியா சங்கிலி சத்தம் மட்டும் தேயிலைக்கு மேல மெதந்துகிட்டே போகும். சத்தம் போனப்புறமும் நின்னுகிட்டே இருப்பாரு. பக்கத்து வீட்டு நாய் அவர கம்பம்னு நெனச்சுக் கிட்ட வரும்.

போன வருஷம் பூ வெட்டுற கத்தி வசுமதியோட இடது கையில எறங்கிருச்சு. ஆள்காட்டி வெரலும் நடு வெரலும். தையல் போட்டாங்க, காயம் ஆறிருச்சு, பலம் மட்டும் திரும்பி வரல. பைக்ல இடது கை லீவர்தான் பெடல்கிட்ட இருக்குற ரெண்டு பல்சக்கரத்துக்கும் பொறுப்பு. சின்னதுலேருந்து பெருசுக்குச் சங்கிலி ஏறணும்னா அந்த லீவர நல்லா அழுத்தி உள்ள தள்ளணும். முடியல. மூணு மாசமா பைக் சுவத்துல சாஞ்சு கெடந்துச்சு.

"ஏங்க, ஈப்போ ஆண்டியப்பன் அண்ணன் பைக்க வெலைக்குக் கேட்டாரு. ரெண்டு வாரம் கழிச்சு ஞாயித்துக்கெழம பாய் கடைக்கு வர்றாரு. குடுத்துறலாம்."

"குடுத்துட்டு?"

"குடுத்துட்டு என்ன, நிம்மதியா தூங்கலாம்."

சொல்லிட்டு அது அடுப்பப் பாத்துத் திரும்பிக்கிச்சு. காளியண்ணனுக்கு எந்த ஸ்க்ரூடிரைவரும் வெக்காமலே கேட்டுச்சு, உள்ளுக்குள்ள ஒரு பேரிங் வலிக்கிறது.

கோலா தெர்லாவுல காய்கறி லோரி ஓட்டுற மகேனப் போய்ப் பாத்தாரு. அவனும் வசுமதி கூட பைக் மிதிக்கிறவன்.

"அண்ணே, முன்னால ஒரே சக்கரம் போட்டுட்டா அந்த லீவரே வேணாம் லா. கத முடிஞ்சிச்சு."

"மேட்டுக்குச் சின்னது, பள்ளத்துக்குப் பெருசு. உங்க அண்ணிக்குப் பள்ளத்துலயும் மிதிக்கணும்டா. சும்மா உருண்டு வர்றதுக்கு அவ என்ன முட்டைக்கோசா?"

"அப்படின்னா எலக்ட்ரிக்தான். கையில பொத்தான், பெடல்கிட்ட ஒரு குட்டி மோட்டார். தொட்டாப் போதும், அது சங்கிலியத் தள்ளிரும்."

அதுக்கப்புறம் காளியண்ணன் கேட்ட கேள்வி இருக்கே! பெருசுல அம்பது பல்லு, சின்னதுல முப்பத்தி நாலு, பதினாறு பல்லு வித்தியாசத்த மோட்டார் தாங்குமா? பின்னால பதினோரு சக்கரம், அதுக்கு ஒத்துப் போகுமா? கொழாயச் சுத்திக் கட்டுற வகையா, பிரேம்ல இருக்குற காதுல மாட்டுற வகையா? பொண்ணு பாக்கப் போனப்ப கூட இவ்ளோ கேக்கல. பேரு என்னன்னு மட்டும் கேட்டாரு, மிச்சர் தின்னாரு, வந்துட்டாரு.

மகேன் ஈப்போவுலேருந்து முழு செட்டும் வாங்கியாந்தான். கைப்பிடி ரெண்டு, மோட்டார் ரெண்டு, சீட்டுக் கொழாய்க்குள்ள போற பேட்டரி. ஃபுல்லா சார்ஜ் பண்ணித்தான் குடுத்தான், சார்ஜர் வயரு அவன் லோரியிலயே கெடந்துச்சு. கூட வந்த புஸ்தகத்துல எழுத்து எறும்பு சைஸ்ல இருந்துச்சு. காளியண்ணன் படத்த மட்டும் பாத்தாரு.

பைக்க வீட்டு உத்தரத்துல கயிறு போட்டுத் தொங்க விட்டாரு. சங்கிலியத் தள்ளுற மோட்டார் தகடு பெரிய பல்லுக்கு மேல ஒரு காசு கனத்துக்கு நிக்கணும். இருபது சென் காச நடுவுல சொருகிப் பாத்தாரு. தகடும் பல்சக்கரமும் ஒரே நேர்கோட்டுல போகணும். ஒரு கண்ண மூடிப் பாத்தாரு. மோட்டார் தள்ளுறப்ப அசையாம இருக்க ஒரு குட்டி போல்ட் பிரேம முட்டுக் குடுக்கும். பிரேம் நசுங்காம இருக்க அதுக்குக் கீழ ஒரு சின்னத் தகடு ஒட்டுனாரு. கடைசியா, சங்கிலியும் உள்தகடும் உரசக் கூடாது, விலகவும் கூடாது. எவ்ளோ எடைவெளி? டீ பாக்கெட்டுக் காகிதம் ஒண்ணு போய் வரணும், ரெண்டு போகக் கூடாது. பொத்தான ஒரு தட்டு தட்டுனா தகடு மயிரிழை நகரும். தட்டுவாரு, காகிதம் விடுவாரு, தட்டுவாரு. மூணு நாளு. அதுக்குள்ள ஒரு மலையே ஒரு இஞ்சு வளந்திருக்கும்.

நாலாம் நாளு பொத்தான அமுக்குனாரு. ச்சீக்! சங்கிலி பெருசுல ஏறிச்சு. அமுக்குனாரு. ச்சுக்! எறங்கிச்சு.

"அடேங்கப்பா, கிராணி லா இவரு! உக்காந்த எடத்துலேருந்தே ஆள இந்த லயத்துலேருந்து அந்த லயத்துக்கு மாத்துறாரே!"ன்னு காளியண்ணன் அந்த மோட்டாருக்கும் பேரு வெச்சாரு, எஸ்டேட் ஆபீஸ் கணக்கப்பிள்ளையோட பேரு.

அன்னையிலேருந்து வேலை முடிஞ்சு வந்ததும் பலகையப் போட்டு பைக்குக் கீழ உக்காந்துருவாரு. வசுமதி கியா பார்ம்லேருந்து வர்ற வரைக்கும் ஒரு கை பெடலச் சுத்தும், ஒரு கை பொத்தான அமுக்கும், கண்ணு மூடியிருக்கும். ச்சீக், ச்சுக். மூடுன கண்ணுக்குள்ள மலை தெரியும். தேயிலை ஓரம் ஒதுங்கி வழி விடும். வசுமதி பனிமேல ஏறிப் போயிக்கிட்டு இருக்கும், டயர் தரையில படாது. கீழ லோரியெல்லாம் டீ டின் சைஸ்ல கெடக்கும். பின்னால இன்னொரு பைக்ல குரங்குக் குல்லா போட்ட ஒரு ஆளு. தலை சுத்தல அந்த ஆளுக்கு. ரெண்டு கையையும் விட்டுட்டு ஓட்டுறாரு. கண்ணத் தொறந்தா போயிரும். அதனால தொறக்க மாட்டாரு. ஒரு லட்சம் தடவ அமுக்கியிருப்பாரு. சரி, தொண்ணூறாயிரம்.

சனிக்கெழம சாயங்காலம் கண்ணத் தொறந்தப்ப, பைக்ல ஒரு குட்டி லைட்டு செகப்பா மினுக்குச்சு. காளியண்ணனுக்கு மனசு நெறஞ்சு போச்சு. சூடாயிட்டாரு கிராணி. நாளைக்கு வேலை ஓடும்.

ஞாயித்துக்கெழம வசுமதி தாப்பா ரோட்டுல கீழ எறங்குச்சு. பின்னால மகேன் லோரி, அதுல காளியண்ணன். எறக்கத்துல அது பொத்தானத் தொட்டுச்சு, பெரிய சக்கரம் ஏறிச்சு, அம்பு மாதிரி போச்சு. திரும்பிப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சுச்சு பாருங்க, மூணு மாசத்து வட்டியும் அதுல இருந்துச்சு. கீழ போய்த் திரும்பி மேடு தொடங்குன எடத்துல, சின்னதுக்கு எறக்கப் பொத்தான அமுக்குச்சு. ஒண்ணும் ஆகல. மறுபடியும் அமுக்குச்சு. மறுபடியும். அப்புறம் கையப் பாத்துச்சு. பொத்தானப் பாக்கல, வெரலப் பாத்துச்சு.

"என்னண்ணே, நேத்து லைட்டு என்ன கலர்ல எரிஞ்சிச்சு?"ன்னான் மகேன்.

"செகப்பு! நல்லா ஜோரா எரிஞ்சிச்சு."

மகேன் பிரேக்க மிதிச்சதுல முட்டைக்கோசு மூட்டையெல்லாம் முன்னால வந்துருச்சு. "அலாமா! செகப்புன்னா பேட்டரி காலிண்ணே! பேட்டரி எறங்குனா மொதல்ல முன்னால உள்ள மோட்டாருதான் படுத்துக்கும். மாசக்கணக்கா வர்ற சார்ஜ் லா அது! என்ன பண்ணுனீங்க?"

காளியண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. அம்பத்திரெண்டு வயசு ஆளு, பொத்தான அமுக்கி வெளயாண்டேன்னு சொல்ல வாய் வருமா? "உங்க அண்ணிகிட்ட சொல்லிறாதடா"ன்னுட்டு குல்லாவக் கண்ணு வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டாரு. முன்னால வசுமதி பெரிய சக்கரத்துலயே, நின்னுகிட்டு, ஒவ்வொரு மிதியா மிதிச்சு ரிங்லெட் வரைக்கும் ஏறிச்சு. பனி அதுக்கு எடம் விட்டு விட்டு மூடுச்சு.

ஷஹாபுதீன் பாய் கடையில ஆண்டியப்பன் ரொட்டி சானாய் பிச்சுக்கிட்டு இருந்தாரு. டிவியில பேட்மிண்டன், கடைசி செட்டு, கடையே மூச்ச அடக்கிக்கிட்டு இருந்துச்சு. வசுமதி பைக்க அவரு மேசைகிட்ட சாத்துச்சு.

"எடுத்துக்குங்கண்ணே. பொத்தான் அமுக்கக் கூட என் வெரலுக்குப் பலம் இல்ல. இவரு ஆசையா பண்ணிக் குடுத்தாரு. என் கை செத்துப் போச்சு."

"அழாத தங்கச்சி"ன்னு ஆண்டியப்பன் கையத் தொடச்சுக்கிட்டு பைக்கப் புடிச்சாரு.

"விடுங்க லா!"

காளியண்ணன் போட்ட சத்தத்துல டீ ஆத்திக்கிட்டு இருந்த பாய், கோப்பைய விட்டுட்டு தன் செருப்புல ஆத்துனாரு.

"வசு, உன் வெரல் நல்லாத்தான் அமுக்குச்சு. பேட்டரிதான் காலி. நான்தான் காலி பண்ணுனேன். தெனம் சாயங்காலம் கண்ண மூடிக்கிட்டு அமுக்கிட்டே இருந்தேன். நீ மேல போவ, நான் பின்னால வருவேன். தலை சுத்தாது. அதான்."

வசுமதி அவரையே பாத்துச்சு.

"நான் அப்பவே சொன்னேன் லா, ஒரே சக்கரம் போதும்னு!"ன்னான் மகேன்.

"நீ பேசாத. செகப்புன்னா நில்லுன்னு எங்க வீட்டு ஆட்டுக்குக் கூடத் தெரியும், இவருக்கு ஏன் சொல்லிக் குடுக்கல?"ன்னாரு பாய்.

"ஆட்டுக்கா? உங்க ஆடு லைசென்ஸ் வெச்சிருக்கா பாய்?"

"ரெண்டு பேரும் நிறுத்துங்க! ஈப்போவுலேருந்து வளைவு வளைவா வாந்தி எடுத்துக்கிட்டு வந்திருக்கேன். பைக் எனக்கா இல்லையா?"ன்னு ஆண்டியப்பன் மேசையத் தட்டுனாரு. ரொட்டி பறந்து மகேன் சட்டையில ஒட்டுச்சு. "யாரு மேல எறியிற?"ன்னு மகேன் எந்திரிச்சான்.

அந்தச் சமயத்துல டிவி அணைஞ்சிருச்சு. கடைசி பாயிண்டு. இறகுப்பந்து மேல போனது போனதுதான். கடை முழுக்க ஒரே கத்து. "எவன்டா பிளக்கப் புடுங்குனது?"

காளியண்ணன்தான். சண்டைக்கு நடுவுல லோரிக்கு ஓடி சார்ஜர் வயர எடுத்துட்டு வந்து, பைக்க டிவிக்குக் கீழ இழுத்து வெச்சு, ஒரு முனைய பைக்குலயும் ஒரு முனைய சுவத்துலயும் சொருகிட்டாரு. நாலு பக்கத்துலேருந்தும் ஆளுங்க பிளக்கப் பாத்துப் பாஞ்சாங்க. அவரு சுவத்தோரமா குத்தவெச்சு உக்காந்து, காத்துல வெளக்கு அணையாம மறைக்கிற மாதிரி, ரெண்டு கையையும் குவிச்சு அந்த பிளக்க மூடிக்கிட்டாரு.