மண்டப வாசலில் ஓர் அட்டவணை

வலைப்பக்கத்தில் அட்டவணை வரைவது சுலபம். தகவலைக் கொண்டுபோய் அதில் இணைப்பதற்குள் எங்களுக்கு நாக்குத் தள்ளிவிடும். இதே பிழைப்பில் மாட்டியிருக்கும் சக ஜீவன்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங்கில் கல்யாண மண்டபம் நடத்தும் புஷ்பா அக்கா, அன்றைய கல்யாண விவரத்தை வாசல் டிவியில் காட்ட ஒரு பக்கம் கேட்டார். மேல்மாடியில் ஒரு கல்யாணம், கீழே ஒன்று என்றால், பாதிப்பேர் மாறிப் போய்ச் சாப்பிட்டுவிடுகிறார்களாம். "மொத கல்யாணத்துலயே சொதப்புனா டிவிய கழட்டிருவேன் தம்பி" என்றும் எச்சரித்தார்.

காலிக் கட்டங்கள்

முதலில் காட்டப் போனபோது தலைப்பு வரிசை பளிச்சென்று வந்தது, கீழே ஒன்றுமில்லை. அட்டவணையோடு தகவலை இணைக்கும் அந்த ஒற்றை வரியை எழுத மறந்திருந்தேன். அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்னா தம்பி, கெடாவுல யாருமே கல்யாணம் பண்ணிக்கலையா?"

மறுபடியும் மறுபடியும்

திருத்தினேன். இப்போது பழைய வரிகளைத் துடைக்காமல் புதிதாகச் சேர்த்துக்கொண்டே போயிற்று. அக்கா பொத்தானை அமுக்க அமுக்க, ஒரே ஜோடி வரிசையாகக் கீழே இறங்கியது.

"ஒரு தடவ கட்டிக்கிட்டே என்னால தாங்கல. பாவம்லா இந்தப் புள்ளைங்க!"

சம்பந்திகள்

கல்யாண நாளும் வந்தது. மாப்பிள்ளை செமிலிங் ஊர்க் கவின், அப்பா முனியாண்டி. பெண் திகாம் பத்து ஊர்த் தர்ஷினி, அப்பா ஆறுமுகம். நான் எடுத்துப் போட்டதோ வெளிநாட்டுக்காரர் செய்து வைத்த ஆயத்த அட்டவணை. அது பெயரின் கடைசிப் பகுதியை மட்டும்தான் காட்டும். அவர்களுக்கு அது குடும்பப் பெயர். நமக்குக் கடைசியில் நிற்பது அப்பா பெயர் அல்லவா? சோதித்தபோது நான் போட்டதெல்லாம் ஒற்றைப் பெயர்கள், அதனால் கண்ணில் படவில்லை.

வாசலில் ஒரே கூட்டம். எட்டிப் பார்த்தேன். டிவியில் கொட்டை எழுத்தில் 'மணமகன்: முனியாண்டி, மணமகள்: ஆறுமுகம்'. அக்கா பிளக்கைப் பிடுங்க விறுவிறுவென்று நடந்தார். அதற்குள் அப்பாக்கள் இருவரும் டிவிக்கு அடியில் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். முனியாண்டியின் மனைவி போட்ட சத்தத்தில் அக்காவே சிரித்துவிட்டு, பிளக்கை அப்படியே விட்டுவிட்டார்.

"இத்தன வருஷம் எங்கூட இருந்துட்டு, இப்பதான் இவருக்குப் புடிச்ச ஆளு கெடச்சிருக்குலா!"

திருத்திய பிறகு

மறுநாளே சரிசெய்து கொடுத்தேன். டிவி வாசலிலேயே தங்கிவிட்டது. எனக்கும் அப்பாடா என்று இருந்தது. போன வாரம் அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, அடுத்த கல்யாணக்காரங்க கேக்குறாங்க, அப்பாமாருங்க பேரு வர்ற மாதிரி போட முடியுமான்னு?"

எங்கள் தொழிலில், கண் பூத்துப் போகத் திருத்திக் கொடுத்ததைவிட, தவறிப்போய்ச் செய்ததற்குத்தான் கிராக்கி.