திருமதி புதுக்குடியிருப்பு

மாமியின் தையல் மெசினுக்கு மேலே, சுவரில் ஒரு வெள்ளைத் துணி தொங்குகிறதே பிள்ளைகள், சிவப்பு நூலால் இங்கிலீசு எழுத்துப் பின்னினது. அது பூவேலை இல்லை. அவாவின் மின்னஞ்சல் முகவரி.

சண்டை நின்ற சமாதான காலத்தில் வெளியூருக்குப் பாதை திறந்ததும், என் அக்காவான உங்கள் மாமி வவுனியாவில் புது மெசின் வாங்கினா. வந்த கிழமையே அது நூலை அறுக்கத் தொடங்கியது. பள்ளிக்கூடச் சட்டைகள் தைக்கப் பொறுப்பெடுத்திருந்தா; எங்கள் வீட்டில் உலை வைப்பதே அதை நம்பித்தான். மெசினைக் கட்டித் திரும்பக் கொண்டுபோனோம். கடை முதலாளி கதிரையை விட்டு அசையவில்லை. "உங்கட றோட்டிலை குலுங்கிப் பழுதானதுக்கு நான் என்ன செய்ய?" என்றார். எங்களை இருக்கவும் சொல்லவில்லை.

எங்கள் ஊரான புதுக்குடியிருப்பில் அப்போதுதான் ஒரு இன்ரநெற் கடை வந்திருந்தது. வெளிநாட்டுச் சொந்தங்களின் கடிதமெல்லாம் கடைக்கார அண்ணையின் முகவரிக்கே வரும், அச்செடுத்துத் தருவார். மாமியோ தன் முறைப்பாடு தன் பேரில்தான் போகவேண்டும் என்று நின்றா. மின்னஞ்சல் முகவரி பதியும்போது கொம்பியூட்டர் இரண்டாவது பேரும் கேட்டது. எங்கள் அப்பாவின் பேரைப் போடவோ என்று அண்ணை கேட்டார்.

"அப்பா சட்டை தைக்கிறேல்லை. ஊரைப் போடுங்கோ."

மாமி சொல்லச் சொல்ல அவர் இங்கிலீசில் அடித்து, மெசின் கம்பனியின் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். குலுங்கினால் பழுதாகும் மெசின் என்றால் அதைப் பெட்டியில் எழுதி விற்கவேண்டும் என்பதுதான் கடைசி வரி. பதில் 'திருமதி புதுக்குடியிருப்பு' என்று தொடங்கி, மெசினை மாற்றித் தருவதாகச் சொன்னது. கலியாணம் கட்டாத மாமிக்கு ஊரையே மாப்பிள்ளையாக்கிவிட்டார்கள் என்று சந்தை முழுக்கப் பகிடி.

திரும்பப் போனபோது அதே முதலாளி எழும்பிக் கதிரை தந்தார். மாமி அதைப் புது மெசினடிக்கு இழுத்துப்போட்டு இருந்து, ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றிவர ஓரம் தைத்தா. நூல் அறவில்லை. தைத்து முடியுமட்டும் அவர் நின்றார். அந்தத் துணியில்தான் பிறகு முகவரியைப் பின்னினா.

யுத்தத்தில் வீடும் போனது, அந்த மெசினும் போனது. துணியை மட்டும் மாமி மடித்துக் கொண்டுவந்தா. முகாமிலிருந்து வெளியே வந்து முகவரியைத் திறந்தால், எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டுச் சொந்தங்கள் எழுதினதெல்லாம் அப்படியே கிடந்தது. ஒவ்வொன்றுக்கும், "இருக்கிறம்" என்று பதில் எழுதுவித்தா.

போன கிழமை உங்கள் தம்பி இணையத்தில் வாங்கின சப்பாத்து காலில் போட்ட அன்றே பிய்ந்தபோது, "விடுங்கோ அப்பா, ஆர் கேக்கப்போறாங்கள்?" என்றான். மாமி மெசினை நிறுத்திவிட்டு, அந்தத் துணியை ஒருக்கால் நிமிர்ந்து பார்த்தா.

"எழுதினனியோ? ஊரையும் போட்டு எழுது."