இடப்பக்கத்துக் கொடியடுப்பு

எட்டாவது வரை படித்த நான் எழுத உட்கார்ந்தது அதிகப்படிதான், பொறுத்துக்கொள்ளுங்கள். அச்சன்புதூர்ப் பக்கம் குளத்து நடுவில், எல்லோரும் விட்டுப்போன எங்கள் திட்டில், தொல்லியல்காரர்கள் தோண்டுகிறார்கள்; நான் கூலிக்கு மண் சலிக்கிறேன். போன வாரம் எங்கள் வீடு இருந்த இடத்தில் அடுப்பு ஒன்று, பக்கத்தில் ஒட்டிய சின்னக் கொடியடுப்போடு, தெரிந்தது. தண்ணீர் தெளித்ததும் எழுந்த கரி வாசத்தோடு, அம்மை ஈர விறகை ஊதும் சத்தமும், ஓலைக்கூரையில் சாரல் விழும் சத்தமும், தெப்பத்தில் வந்து நனைந்த எங்களை அவள் அடுப்போரம் இழுத்து உட்கார்த்திய சூடும் வந்துவிட்டன.

“இந்த வீட்டுல மட்டும் கொடியடுப்பு ஏன் இடது பக்கம் இருக்கு?” என்றார் அதிகாரிப் பெண். மறுநாள் அடுப்பைப் பெயர்த்துவிட்டு, இன்னும் பழசைத் தேடி ஆழமாகத் தோண்டுவதாக இருந்தார்கள். நான் குனிந்து சல்லடையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

“ஏட்டி, ஒங்க வீடுன்னு சொல்லேன். வாயில என்ன கொழுக்கட்டையா?” என்றாள் கூடச் சலித்த பேச்சி.

“எங்க அம்மைக்கு இடது கைப்பழக்கம், மேடம்.”

அவர் சிரிக்கவில்லை. அடுப்பை அளந்து வரைந்து, அம்மையின் பெயரைக் கேட்டு, பக்கத்தில் எழுதிக்கொண்டார். பீச்சாங்கைக்காரி என்று ஊரே கேலி செய்தவளின் பெயர் அது. அந்த அதிகாரிப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும்.

மறுநாள் அடுப்பைப் பெயர்த்துக் கீழே தோண்டினோம். வெறும் மணல்தான் இருந்தது.