பூஜைக்குப் போன சிலிண்டர்கள்

தண்டையார்பேட்டையில் நாங்கள் வேலை பார்த்தது ஸ்பாஞ்சு மெத்தை செய்யும் இடம். கம்பெனி என்று பேர். நிஜத்தில் தகரக் கூரை போட்ட பழைய குடோன். கீழே ஸ்பாஞ்சு வெட்டுவார்கள். மேலே பலகை அடித்த பரணில் பூவம்மாவும் நானும் மெஷினில் உறை தைப்போம். ஏறி இறங்க ஒரே ஒரு மரப்படி.

தீப்பிடித்தால் யார் பொறுப்பு, ஆளைக் காட்டு என்று அதிகாரிகள் வந்து குடைந்தபோது, யானைக்கவுனியில் கடை வைத்திருந்த எங்கள் முதலாளி வாசலில் நின்ற வாட்ச்மேனைக் கைகாட்டிவிட்டார். சம்பளம் ஏறவில்லை. அதிகாரமும் கிடையாது. பொறுப்பு மட்டும் வந்து தலையில் விழுந்தது. அந்த வாட்ச்மேன்தான் அருள்பிரகாசம். ராயபுரத்துக்காரர், துறைமுகத்தில் கலாசியாக இருந்து ஓய்ந்தவர்.

வேறு ஆளாக இருந்தால் தீயணைக்கிற சிவப்பு சிலிண்டர்களை ஆணியில் மாட்டிவிட்டு பீடி பிடிக்கப் போயிருப்பான். இவர் அதைப் பெரிய உத்தியோகமாக எடுத்துக்கொண்டார். தினமும் காலையில் ஒரு சுற்று வருவார். பிளக்குகள் சுடுகிறதா என்று தொட்டுப் பார்ப்பார். வழியில் கிடக்கும் ஸ்பாஞ்சுக் கட்டுகளைக் காலால் தள்ளுவார். எது பொறி விடும், எது பற்றிக்கொள்ளும், யார் மாட்டிக்கொள்வார்கள் என்று ஜெபம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே நடப்பார். ஒருநாள் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு, வெட்டுகிற மேஜையிலிருந்து வாசல்வரை தடவித் தடவிப் போனார். புகையில் கண் தெரியாதாம், அதனால் வழியைச் சோதிக்கிறாராம். நடுவில் பசை டின்னில் மோதி முட்டியைப் பெயர்த்துக்கொண்டார். எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறே வலித்தது. மறுநாள் பசை டின்களெல்லாம் வெளியே கொட்டகைக்குப் போய்விட்டன.

பரணுக்கு இன்னொரு படி வைக்கச் சொல்லி முதலாளியிடம் கேட்டுக் கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். படி கிடைக்கவில்லை. இருந்த படியின் அடியில் ஒரு சிலிண்டரை மாட்டிவிட்டு பூவம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். ஏதாவது ஆச்சுன்னா பயப்படாதே, நான் இங்கேதான் நிற்பேன் என்றார். பூவம்மா அவரை நைனா என்றுதான் கூப்பிடுவாள். வியாசர்பாடிக்காரி, வாய் ஜாஸ்தி. அவளுடைய அப்பன்கூட அவளுக்காக அப்படி மெனக்கெட்டதில்லை என்று சொல்லுவாள்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் ஆயுதபூஜை வந்தது. கத்தி, கத்தரி, தராசு, மெஷின் தலை எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, படத்துக்கு முன்னால் வரிசையாக அடுக்குவது போர்மேன் பரசுராமன் வேலை. அருள்பிரகாசம் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர். வருஷா வருஷம் ஓரமாக நின்று பொரி வாங்கிக்கொண்டு போவார். அந்த வருஷம் பரசுராமனுக்கு என்ன தோன்றியதோ, உங்க ஆயுதமும் வரட்டும் அண்ணே, அதுவும் தொழில்தானே என்று கூப்பிட்டான்.

அந்த முகத்தை நான் பார்த்தேன். வாட்ச்மேன் வேலையையும் ஒரு தொழில் என்று யாரோ சொல்லிவிட்டார்கள், அவ்வளவுதான், மனுஷன் குளிர்ந்துபோனார். குடோனில் இருந்த சிலிண்டர்கள் எல்லாவற்றையும் ஆணியிலிருந்து அவரே இறக்கினார். ஈரத்துணியால் குழந்தையைத் துடைப்பதுபோலத் துடைத்தார். படத்துக்குப் பக்கத்தில் சுவரோரமாக வரிசையாக நிறுத்தினார். பரசுராமன் ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தான். தீபாராதனை முடிந்ததும் திரும்ப மாட்டிவிடட்டுமா என்று அவர் கேட்கத்தான் செய்தார். பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியாமல் தொடக்கூடாது, ஒரு ராத்திரிதானே என்றான் பரசுராமன். அடுத்தவர் சாமி விஷயம், இவரும் வாயை மூடிக்கொண்டார். பாழாய்ப்போன மரியாதை!

பொரி கட்டிக்கொண்டு எல்லோரும் கிளம்பும் நேரம். பையை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று பூவம்மா பரணுக்கு ஏறினாள். கீழே யாரோ மேஜை விசிறியைப் போட்டார்கள். தோரணம் கட்டியிருந்த கலர் பேப்பர் பறந்து விளக்கில் பட்டு, எரிந்துகொண்டே ஸ்பாஞ்சுக் கட்டின்மேல் விழுந்தது. ஸ்பாஞ்சு எரிவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மூச்சு விடுவதற்குள் கூரைவரை கரும்புகை. நாங்கள் வாசலுக்கு ஓடினோம். அருள்பிரகாசம் படியடிக்கு ஓடினார்.

அவருடைய கை பழக்கத்தில் சுவருக்குப் போனது. ஆணிதான் இருந்தது. சுவரை மேலும் கீழும் தடவினார். அப்புறம் திரும்பிப் பார்த்தார். நெருப்புக்கு அந்தப் பக்கம் பொட்டு வைத்துக்கொண்டு எல்லா சிலிண்டர்களும் நின்றுகொண்டிருந்தன. அவற்றை எடுக்க வெறுங்கையோடு நெருப்புக்குள் பாய்ந்தவரைப் பரசுராமனும் இன்னும் இரண்டு பேரும் இழுத்து வெளியே போட்டார்கள். அதற்குள் இரண்டு கையும் முழங்கைவரை வெந்துவிட்டன. பூவம்மா வரவில்லை.

விசாரணையில், பொறுப்புக்கு ஆள் போட்டிருந்தேனே என்று முதலாளி கையை விரித்தார். பரசுராமன் சொல்லித்தான் எடுத்தேன் என்று சொல்லுங்கள் என நாங்கள் அருள்பிரகாசத்திடம் மன்றாடினோம். கேட்கவில்லை. ஆசைப்பட்டு நானே எடுத்து வைத்தேன் என்று சொல்லிவிட்டு ஜெயிலுக்குப் போனார். முதலாளி விம்கோ நகர் பக்கம் வேறு குடோன் பிடித்தார். கேஸ் இழுத்துக்கொண்டே போனது.

ஜாமீனில் வந்தவரைப் பார்க்க வேண்டும் என்று பூவம்மாவின் புருஷன் பீம்ராவ் என்னைக் கூட்டிக்கொண்டு ராயபுரம் போனான். அவனிடம் நான் ஏற்கெனவே ஒரு பொய் சொல்லி வைத்திருந்தேன். புகையில் உடனே மயங்கிவிட்டாள், சத்தமே இல்லை, அவளுக்கு எதுவும் தெரியாது என்று. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அவன் சோறு தின்றுகொண்டிருந்தான்.

அவன் சண்டை போடவில்லை. எதிரே உட்கார்ந்து, என்னைக் கைகாட்டிக் கேட்டான்.

"அவ கத்துனாளா நைனா? எயிலு இல்லன்னு சொல்லுது."

நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அருள்பிரகாசம் என்னைப் பார்த்தார், பார்த்துவிட்டும் சொன்னார்.

"கத்துச்சுப்பா. அப்போ படியில நெருப்பு இல்ல, ஓடியாந்திருக்கலாம். மேலயே நின்னுகினு, நைனா, நைனான்னு என்னியத்தான் கூப்டுகினு இருந்துச்சு. நான் வந்துடுவேன்னு நின்னுச்சு."

எனக்கு அவர் வாயிலேயே ஒன்று போட வேண்டும்போல இருந்தது. பீம்ராவ் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தான். அதற்குப் பிறகு என்னோடு அவன் பேசவே இல்லை.