உரிமம் கேட்ட வாரம்

கஞ்சிக்கோட்டில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் மொத்தம் பன்னிரண்டு பேர். கன்வேயர்களுக்கு இரும்புச் சட்டங்களும், இயந்திரங்களை நிறுத்துவதற்கு அடித்தட்டுகளும் செய்து கொடுக்கிறோம். வரைபடம் போடுவது நான் ஒருத்திதான். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் எனக்கு ஒரு மேஜை, ஒரு கணினி, பாதி நாள் மக்கர் செய்கிற ஒரு பிரிண்டர். எலப்புள்ளியிலிருந்து பஸ்ஸில் வந்து எட்டே முக்காலுக்குக் கணினியைப் போட்டால், சாயங்காலம் வரை அதோடுதான் இருப்பேன்.

ஒரு புதன்கிழமை முதலாளி இரண்டு தாள்களோடு வந்து மேஜையோரம் நின்றார்.

"ஏம்மா, இதுல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடு. வர்ற புதன்கெழம ஆடிட்டுக்கு வர்றாங்களாம்."

எங்களுக்கு வரும் வேலையில் முக்கால்வாசி கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கம்பெனி ஒன்றிலிருந்து வருவது. அவர்கள் அனுப்பிய படிவம் அது. முதல் பக்கத்தில் தீயணைப்பான், கையுறை, கண்ணாடி என்று வழக்கமான கேள்விகள். இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஒரு வரி இருந்தது. கடந்த இரண்டு ஆண்டுகளாக வடிவமைப்புக்குப் பயன்படுத்திய எல்லா மென்பொருளும் உரிமம் பெற்றவை என்று உறுதி கூறுகிறேன். அதற்குக் கீழே, வடிவமைப்புப் பொறுப்பாளர் கையொப்பம்.

என் கணினியில் வரைபடம் போட இருந்த கேட் (CAD) மென்பொருளுக்கு உரிமம் கிடையாது. ஊரெல்லாம் பயன்படுத்துகிற அந்தப் பெரிய மென்பொருள்தான். ஆறு வருடத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு பென் டிரைவிலிருந்து அதைப் போட்டது நானேதான். நெட் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, உரிமப் பூட்டை உடைக்கும் சின்ன ஃபைல் ஒன்றை ஓட்டினேன், அவ்வளவுதான். முதலாளிக்கும் தெரியும். அதற்குப் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

"அண்ணா, ரெண்டாவது பக்கத்துல லைசென்ஸ்னு கேட்டிருக்காங்க."

"ஆமா."

"நம்ம கிட்ட இருக்கறதுக்கு லைசென்ஸ் இல்லீங்களே."

"அது எனக்குந் தெரியும். அவிய வந்து கம்ப்யூட்டரத் தொறந்தா பாக்கப் போறாங்க? நீ போட்டுக் குடு, போதும்."

"நான் போட்டா என்ற பேர்ல பொய் சொன்ன மாதிரி ஆயிருமுங்க."

அவர் கோபக்காரர் அல்ல. ஆனால் அன்று முகம் மாறியதைப் பார்த்தேன். அந்தப் பெரிய மென்பொருளை முறையாக எடுத்தால் ஒரு வருட வாடகையே என் நாலு மாதச் சம்பளத்துக்கு மேல் வரும். அதுவும் வருடா வருடம் கட்ட வேண்டும். அதை எடுக்க மாட்டார் என்று தெரியும்.

"விலை கம்மியா வேற கேட் இருக்குதுங்க. கொஞ்சம் டைம் குடுத்தீங்கன்னா பாத்துச் சொல்றனுங்க," என்றேன்.

"செவ்வாக்கெழம சாயங்காலம் வரைக்கும் பாரு. ஆகலீன்னா நான் சொல்றதக் கேக்கோணும்."

தாளை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

என் கணவருக்கு இன்னொரு ஃபாக்டரியில் இரவு ஷிப்ட். காலை ஆறு மணிக்கு அவர் வந்ததும் அடுக்களையில் நின்றுகொண்டே நடந்ததைச் சொன்னேன்.

"கையெழுத்துப் போடலைன்னா வேலைய உட்டு நிறுத்திருவாரா?"

"தெரீல."

"போட்டா?"

"பின்னால மாட்டுனா நாந்தான் மாட்டுவேன். தாள்ல இருக்கறது என்ற பேரு."

அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுச் சொன்னார். "வேற சாஃப்ட்வேர் வெச்சு உன்னால அந்த வேலைய ஓட்ட முடியுமா? மொதல்ல அதப் பாரு."

அதுதான் எனக்கும் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை ஓர் இலவச மென்பொருளை இறக்கினேன். சின்னது, வேகமாகத் திறந்தது. புதிதாக ஒரு தட்டு வரைந்து பார்த்தேன், குறையில்லை. எங்கள் பழைய வரைபடம் ஒன்றைத் திறக்கச் சொன்னபோது மாட்டேன் என்றது. எங்கள் வரைபடங்கள் எல்லாம் பெரிய மென்பொருளின் ஃபைல் வகையில் இருந்தன. இது வேறு வகையை மட்டும்தான் படிக்கும். ஒன்றை மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன். கோடுகள் வந்தன. எழுத்துகள் இருந்த இடத்தில் கட்டங்கள் வந்தன. பட்டறையின் பன்னிரண்டு வருட வரைபடங்களையும் இப்படி ஒவ்வொன்றாக மாற்றுவது நடக்கிற காரியமாகத் தோன்றவில்லை.

மதியத்துக்கு மேல் இன்னோர் இலவச மென்பொருள். இது முப்பரிமாணத்தில் வேலை செய்வது. பார்க்கப் பார்க்க எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. சட்டத்தை உருவமாகவே கட்டி, ஓர் அளவை மாற்றினால் மற்ற அளவுகளும் கூடவே மாறின. ஆனால் அதன் வழி முழுக்க வேறு. மூன்று மாதம் உட்கார்ந்து பழகினால் கைக்கு வரும். எனக்கு இருந்தது ஐந்து நாள். ஒரு முழு கன்வேயரைக் கொடுத்ததும் கணினி மூச்சுத் திணறி நின்றுபோனது. அதை மூடினேன்.

வெள்ளிக்கிழமை மூன்றாவதைப் பிடித்தேன். ஒரு முறை வாங்கினால் போதும், வருட வாடகை கிடையாது. பெரியதன் ஒரு வருட வாடகையில் மூன்றில் ஒரு பங்குதான் விலை. முப்பது நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம். பழைய ஃபைல்களை அப்படியே திறந்தது. கோட்டுக்கு ஓர் எழுத்து, வட்டத்துக்கு ஓர் எழுத்து என்று என் விரல் பழகிய அதே கட்டளைகள். அரை மணி நேரத்தில் வேறொன்றில் வேலை செய்கிறோம் என்பதே மறந்துபோனது. அந்த மறதிதான் பிறகு என்னைச் சிக்க வைத்தது.

ஏற்கனவே செய்து அனுப்பி, இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும் பத்துப் பொருட்களின் வரைபடங்களை எடுத்தேன். ஒவ்வொன்றையும் புதியதில் திறந்து, அளந்து, பட்டறையில் தொங்கும் பழைய பிரிண்டோடு ஒப்பிட்டேன். பத்தும் சரியாக இருந்தன. சனிக்கிழமை மதியம் பழைய மென்பொருளைக் கணினியிலிருந்து நீக்கினேன். கேட்காமலேயே நீக்கினேன். கேட்டிருந்தால் அவர் விட்டிருக்க மாட்டார், எனக்கும் தைரியம் போயிருக்கும்.

திங்கட்கிழமை காலை முதலாளி வந்து திரையைப் பார்த்தார்.

"பழசு எங்க?"

"எடுத்துட்டனுங்கண்ணா."

"ஆரக் கேட்டு எடுத்த?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் போன் அடித்தது. அதே கோயம்புத்தூர்க் கம்பெனி. பதினாறு அடித்தட்டுகள் அவசரமாக வேண்டும், பழைய அளவுதான், நீளம் மட்டும் இருபது மில்லிமீட்டர் கூடுதல். போனை வைத்துவிட்டு, "ஒடனே மாத்தி லேசர்க் கட்டிங்குக்கு அனுப்பு," என்றார்.

வரைபடத்தைத் திறந்து நீளத்தை இழுத்தேன், ஒரு பக்கத்துத் துளைகளை மறுபக்கத்துக்குப் பிரதி எடுத்தேன், அனுப்பினேன். கால் மணி நேர வேலை.

பதினோரு மணிக்கு லேசர்க் கட்டிங் கடையிலிருந்து கூப்பிட்டார்கள். "ஏனுங்க, டிராயிங்குல ஓட்டை பதினெட்டுன்னு எழுதியிருக்குது. ஆனா கோடு பதினாலு வருது. எதுங்க சரி?"

"எத்தன தட்டு வெட்டியிருக்கீங்க?"

"ரெண்டு முடிஞ்சுது. மூணாவது ஏத்திட்டோம்."

"நிறுத்துங்க. தயவுசெஞ்சு நிறுத்துங்க."

என்ன நடந்தது என்பது பத்து நிமிடத்தில் புரிந்தது. போல்ட் துளைக்கு நான் வருடக்கணக்காக ஒரே ஓர் அச்சு மாதிரி செய்து வைத்திருந்தேன். பதினாலு, பதினெட்டு, இருபத்திரண்டு மில்லிமீட்டர் என்று எதைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த அளவுக்கு அது மாறிக்கொள்ளும். புதிய மென்பொருள் அதைச் சரியாகக் காட்டியது, சரியாக அளந்தது. நகர்த்திப் பிரதி எடுத்ததும் முதல் அளவான பதினாலுக்குத் திரும்பிவிட்டது. பத்து வரைபடங்களையும் நான் திறந்தேன், அளந்தேன். ஒன்றையாவது தொட்டு மாற்றிப் பார்க்கவில்லை.

முதலாளி கண்ணாடித் தடுப்புக்குள் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"பழசுலயே இருந்திருந்தா இது வந்திருக்குமா?"

"வந்திருக்காதுங்க."

"அப்ப பழசத் திரும்பப் போடு. இன்னிக்கே."

"போட மாட்டனுங்கண்ணா. தப்பு எதுல இருக்குதுன்னு தெரிஞ்சுபோச்சு. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் குடுத்திருக்கீங்க. அதுக்குள்ள சரி பண்றேன்."

எங்கள் ஃபோர்மேன் வெளியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இருபது வருடமாக இரும்போடு இருப்பவர், அதிகம் பேச மாட்டார். உள்ளே வந்து முதலாளியிடம் சொன்னார்.

"சின்னதா விழுந்ததால கொழப்பமில்லீங்க. ட்ரில் போட்டுப் பெருசாக்கிக்கலாம். ரெண்டு தட்டும் வீணாப் போகாது."

முதலாளி வெளியே போனார். ஃபோர்மேன் என்னைப் பார்த்து, "இந்த மாதிரி ஓட்டை வேற எத்தன டிராயிங்குல இருக்குது?" என்று கேட்டார்.

"இப்ப ஓடிட்டிருக்கற வேலைல நாப்பதுக்குப் பக்கம் இருக்குமுங்க."

"சரி. நான் சாமானை அளந்து சொல்றேன். நீ போடு."

அன்று மதியமும் செவ்வாய்க்கிழமை முழுக்கவும் அதுதான் நடந்தது. அவர் வெர்னியர் அளவுகோலோடு பட்டறையில் ஒவ்வொரு பொருளின் முன்னும் உட்கார்ந்து அளவைக் கத்திச் சொல்வார். நான் அந்த மாறும் அச்சுகளை அழித்துவிட்டு அந்த இடத்தில் சாதாரண வட்டங்களைப் போட்டேன். போட்டபின் நகர்த்தினேன், திருப்பினேன், சேமித்து மூடி மறுபடி திறந்தேன். ஒவ்வொரு முறையும் அளந்தேன். இரண்டு இடத்தில் என் பழைய வரைபடமே தவறாக இருந்ததும், பட்டறையில் யாரோ சொல்லாமல் திருத்திச் செய்திருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. ஃபோர்மேன் அடுத்த அளவைச் சொன்னார்.

செவ்வாய் மாலை நாலரைக்கு, பதினாறு தட்டுகளும் சரியான துளைகளோடு வந்து இறங்கின. முதலாளியே ஒரு போல்ட்டை எடுத்து நாலைந்து துளைகளில் போட்டுப் பார்த்தார். பிறகு என் மேஜைக்கு வந்து, "அது என்ன வெலைன்னு சொன்ன? வாங்கிக்க," என்றார். ஐந்தேகாலுக்கு உரிமம் மெயிலில் வந்தது.

புதன்கிழமை ஆடிட்டுக்கு வந்தது ஒரு பெண்மணி. என் வயதுதான் இருக்கும். கோயம்புத்தூர்க்காரர், மெதுவாகப் பேசினார். தீயணைப்பானின் தேதியைப் பார்த்தார், வெல்டர்களின் கண்ணாடியைப் பார்த்தார். கடைசியில் என் மேஜைக்கு வந்து அமர்ந்தார். முதலாளி பின்னால் நின்றார்.

உரிமத்தையும் ரசீதையும் காட்டினேன். அவர் ரசீதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நேத்து வாங்கியிருக்கீங்க."

"ஆமாங்க."

"அதுக்கு முன்னாடி எதுல வரைஞ்சீங்க?"

முதலாளி இருமினார். அவர் பக்கம் திரும்பினால் என்னால் பேச முடியாது என்று தெரிந்ததால் திரையையே பார்த்தேன்.

"லைசென்ஸ் இல்லாத ஒன்னுலங்க. நான் போட்டதுதான். சனிக்கெழம எடுத்துட்டேன்."

படிவத்தை அவரிடம் நீட்டினேன். கடந்த இரண்டு ஆண்டுகளாக என்ற சொற்களைப் பேனாவால் அடித்து, நேற்றைய தேதியிலிருந்து என்று மேலே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். அவர் அதைப் படித்தார். என்னைப் பார்த்தார். தன் நோட்டில் நாலைந்து வரி எழுதினார். போகும்போது முதலாளியிடம், "நான் பார்த்தத ரிப்போர்ட்ல வெக்கறேங்க. முடிவு மேல எடுப்பாங்க," என்றார்.

முடிவு அந்த வெள்ளிக்கிழமையே வந்தது. மறு ஆடிட் முடியும்வரை புதிய வேலை கிடையாது. முதலாளி அந்த மெயிலை என் பக்கமாகத் திரையைத் திருப்பிக் காட்டினார். அடுத்த ஆறு வாரம் என்னிடம் எதையும் ஃபோர்மேன் மூலமாகத்தான் சொன்னார். சின்னச் சின்ன கேட்டுகளும் ஜன்னல் கம்பிகளும் வரைந்து கொடுத்தேன். வெல்டர்களில் இரண்டு பேருக்கு வேலை இல்லாமல் போனது. அவர்கள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பிய மதியம் நான் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்து வெளியே வரவில்லை.

ஏழாவது வாரம் வேறோர் ஆள் வந்து உரிமத்தைப் பார்த்தார், இரண்டு வரைபடங்களைத் திறக்கச் சொன்னார், போனார். பிறகு வேலை திரும்பி வரத் தொடங்கியது. முன்பு வந்த அளவுக்கு வரவில்லை, ஆனாலும் பட்டறை ஓடுகிற அளவுக்கு வந்தது. அனுப்பப்பட்ட வெல்டர்களில் ஒருவர் திரும்பினார். இன்னொருவர் திருப்பூர்ப் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டார். நான் செய்தது சரி என்று யாராவது சொல்லும்போது எனக்கு அவர் நினைவுதான் முதலில் வருகிறது. அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

போன மாதம் முதலாளி நேராக என் மேஜைக்கு வந்தார்.

"அந்த உருவமாக் காட்டற ப்ரீ சாஃப்ட்வேர் ஒன்னு இருக்குதுன்னு ஃபோர்மேன் சொன்னாரு. அதக் கத்துக்க எத்தன நாள் ஆகும்?"

"மூணு மாசம் ஆகுமுங்கண்ணா."

"தெனமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் எடுத்துக்க. வேல நேரத்துலயே."

இப்போது தினமும் நாலு மணிக்கு அதைத் திறக்கிறேன். நேற்று ஒரு சாதாரண நாற்காலிச் சட்டத்தைக் கட்டி, உயரத்தை மாற்றினேன். கால்கள் நான்கும் சேர்ந்து உயர்ந்தன. துளைகளை ஒவ்வொன்றாக அளந்துவிட்டுத்தான் மூடினேன்.