காட்டுக்குள் நின்ற ராணி

என் மகளும் அவள் தோழியும் தாங்களே ஒரு கதை விளையாட்டுக்கு விதிகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். பகடை தரையில் உருண்ட சத்தத்தில் நான் சிறுவயதில் இலங்கையின் ஓப்பநாயக்கவில் வாழ்ந்த எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்கு நினைவில் போய்விட்டேன்.

அண்ணனுக்கு இதய நோய். வெளியே ஓடியாட முடியாததால், தகரத்தில் மழை அடிக்கும் பகல்களில் அவனே ஒரு விளையாட்டை உண்டாக்கினான். அவன் கதை சொல்வான். நான் அதில் ராணி.

"பாலம் ஒடைஞ்சு போச்சு. என்ன செய்யப் போற?"

"நீந்துவேன்."

உடனே பிளந்த புளியங்கொட்டைகளை உருட்டுவோம். வெள்ளைப் பக்கம் அதிகம் விழுந்தால் நான் கரையேறலாம்.

ஒருநாள் ராணி காட்டுக்குள் நுழைந்தபோது அவனுக்கு மூச்சு முட்டியது. இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். "அங்கேயே நில்லு, வந்து சொல்றேன்" என்றான். அவன் திரும்பி வரவில்லை.

காரியம் முடிந்து சில நாள் கழித்து, கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா ஈரச் சேலையோடு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"இனி நான் கதை சொல்றேன். நீ இப்ப எங்க நிக்கிற?"

"காட்டுக்குள்ள."

அம்மா கொட்டைகளை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்து போனாள்.

"ஏம்மா அழுறீங்க?" என்று பகடையைக் கையில் பிடித்தபடி என் மகள் கேட்டாள்.

"உனக்கு ஒரு மாமா இருந்தாரு" என்று முதல் தடவையாக அவளிடம் சொன்னேன்.