மதகடியில் குந்தியவர்கள்

பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில், கடலூரிலிருந்து எல்லை தாண்டி வந்த ஒருவர் பாகூரில் அகிம்சையைப் பற்றி நெடுநேரம் பேசினார். எங்கள் ஆட்கள் அதை ஒரே பேச்சாகச் சுருக்கிக்கொண்டார்கள்: அடிக்க வந்தா குந்து.

அந்த ஆண்டு பக்கத்து ஊர்க்காரர்கள் ஏரி மதகை அடைத்துவிட்டார்கள். எங்கள் நாற்று காய்ந்தது. திறக்கச் சொல்லிக் கேட்கப் போனோம். தடிகளோடு வந்து நின்றார்கள். தடியைப் பார்த்ததும் என் முழங்கால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே மடங்கியது. சேற்றில் பொத்தென்று உட்கார்ந்தேன். அதுதான் சைகை என்று நினைத்து எங்கள் ஆட்கள் எல்லோரும் குந்திவிட்டார்கள்.

"இன்னாடா மச்சான், இங்கியே வெளிக்குப் போறியா?" என்றார் எதிரில் நின்ற என் அக்கா புருஷன். இரண்டு பக்கமும் சிரித்தார்கள். சிரிக்காத ஒருவனின் தடி என் பக்கத்தில் குந்தியிருந்தவர் தலையில் இறங்கியது. அவர் கையைக்கூடத் தூக்கவில்லை. அங்கேயே செத்தார். அடைத்தவர்களே மதகைத் திறந்துவிட்டார்கள்.

ஊர் என்னைப் பெரிய அகிம்சைவாதி என்றது. கருமாதியன்று செத்தவரின் மனைவியிடம் போய், "நான் பயத்துலதான் குந்துனேன் அண்ணி," என்றேன்.

"அவருக்கும் பயந்தாம்பா. அடிச்சாலும் எழுந்திரிக்க மாட்டேன்னு காலையிலயே சொல்லிட்டுதான் போனாரு," என்றார்.